வெள்ளகோவிலில் லோடு மாறும்

ஈரத் தார்ப்பாய் வெயிலில் காயும் வாசம், லாரி முன்சீட்டில் ஊர் ஊராகத் திரிந்த என் இருபது வயதைத் தட்டி எழுப்புகிறது. வெள்ளகோவில் தாண்டிச் சாலையோரம் பேருந்துக்கு நிற்கிறேன். பக்கத்துப் பொட்டலைக் காலால் அளந்துகொண்டிருக்கிறார் ஜெயமேரி, ஆறு லாரிகளுக்குச் சொந்தக்காரர். சரக்கு மாற்றும் கிடங்குக்கு இந்த இடமா, பெருந்துறையா என்று இன்றைக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம்.

"ஆலையெல்லாம் பெருந்துறையில்தானே?" என்கிறேன்.

"ஆலை அங்கிருக்குதுங்க. டிரைவருக ஊடு அங்கில்லீங்களே! ஊட்டு மொகமே பாக்க முடியலைன்னு போன வருசம் மூணு பேரு வேலைய உட்டு நின்னுக்கிட்டாங்க. மிச்சப் பேரும் போனா நானா ஓட்டறது?" மேற்கையும் கிழக்கையும் கை நீட்டிக் காட்டுகிறார். "கோயமுத்தூர் வண்டியும் திருச்சி வண்டியும் பாதி வழியில இங்க லோடு மாத்திக்கிட்டா, ரெண்டு பேரும் அன்னன்னைக்கே ஊடு திரும்பிருவாங்க."

கைபேசி அடிக்கிறது. பெருந்துறையில் வாசலிலேயே லோடு கிடைக்கும் என்று அவர் கணவர் கத்துவது எனக்கே கேட்கிறது.

"லோடு கெடைக்குமுங்க, ஓட்ட ஆளு கெடைக்கோணுமல்ல? வெள்ளகோவிலுதான். எடத்துக்காரருகிட்டச் சொல்லிப்போடுங்க."

என் பேருந்து வருகிறது. ஏறும்போது பின்னாலிருந்து சிரிப்போடு அவர் குரல்: "அடுத்தவாட்டி இந்தப்பக்கம் வந்தா, உங்களையும் லோடு மாதிரி இங்க எறக்கித்தானுங்க ஏத்தி உடுவோம்!"