மூன்று புள்ளிக் கத்தி

போன வாரம் என் மகள் இணையத்தில் ஒரு கத்தி வரவழைத்தாள். கறுப்புப் பெட்டி, அதற்குள் பட்டுப்போல ஒரு தாள், தாளுக்குள் கல்யாணப் பெண் மாதிரிப் படுத்திருந்தது கத்தி. பெட்டியின் மேல் பொன்னெழுத்தில் 'கையால் அடித்துச் செய்தது' என்றிருந்தது. அதற்குச் சாட்சியாக அலகு முழுக்கச் சுத்தியல் தழும்புகள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எல்லாத் தழும்பும் ஒரே அளவு, ஒரே ஆழம், ஒரே இடைவெளி. இட்லித் தட்டில்தான் அப்படிக் குழி இருக்கும். எந்த மனிதனுடைய கை இப்படி அடிக்கும்?

அன்று மத்தியானமே சேனைக்கிழங்கின் முன்னால் அது முனை வளைந்து கும்பிட்டது. எனக்கு வந்த கோபத்தில் கிழங்கையும் சேர்த்துத் திட்டினேன்.

"கெழங்கு என்னப்பா பண்ணுச்சு?" என்றாள் மகள்.

அவளுக்குத் தெரியாது. அந்தப் பொய்த் தழும்புகளைப் பார்த்த நிமிடமே என் இடது கட்டைவிரல் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் விற்பனையாளன். வயது இருபத்து நான்கு. கழுத்தில் டை. டை கட்டிக்கொண்டு கிலோக் கணக்கில் ஆணி நிறுத்துப் போட்ட ஒரே ஆள் அந்த வீதியில் நானாகத்தான் இருந்திருப்பேன். தராசில் டை மாட்டி ஒருமுறை நானே அரைக் கிலோ ஆணியோடு சேர்ந்து எடை போடப்பட்டேன்.

கடைக்கு மரமேறிகளின் கொடுவாள் (தேங்காய்க் குலை அறுக்கிற வளைந்த கத்தி) தொண்டாமுத்தூர்ப் பக்கத்து ஒரு பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாகராஜ் ஆசாரியும் அவர் மனைவி மயிலாத்தாவும்தான் பட்டறை. ஆசாரி காய்ச்சிய இரும்பைக் குறட்டில் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் ஓரிடத்தைத் தொடுவார். தொட்ட இடத்தில் மயிலாத்தாவின் சம்மட்டி இறங்கும். "புருசன் சொன்ன எடத்துல பொண்டாட்டி அடிக்கறது ஊருலயே இங்கதானுங்க" என்று நான் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னேன்.

"மத்த நேரத்துல நாஞ் சொல்ற எடத்துல அவரு வாங்கிக்குவாருங்க" என்றார் மயிலாத்தா. சம்மட்டி நிற்கவில்லை.

இரும்பு, உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய லாரிப் பட்டை (சக்கரத்துக்கு மேலே அதிர்வைத் தாங்குகிற வில்). லாரி வருடக்கணக்காகக் குதித்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். ஆசாரி ஒவ்வொன்றையும் தொங்கவிட்டுத் தட்டிக் கேட்பார். மணி மாதிரி ஒலித்தால் எடுப்பார். 'தொப்' என்றால் அப்படியே போட்டுவிடுவார். கரி, கொட்டாங்குச்சிக் கரி. அடித்து, அரத்தால் ராவி, விளிம்பை மட்டும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் காட்டிக் கெட்டியாக்குவார். முதுகு இளக்கமாகவே இருக்கும். மரத்தில் ஓங்கி வெட்டும்போது அந்த இளக்கம்தான் அதிர்ச்சியைத் தாங்கும். கடைசியில் அலகைச் சாய்த்துப் பார்ப்பார். ஒரே ஒரு சுத்தியல் தழும்பு தெரிந்தாலும் மறுபடி அரம்தான். "அடி தெரிஞ்சா வேல முடியலைன்னு அர்த்தமுங்க." தழும்பு அவருக்கு வெட்கம். இன்றைக்கு அதையே அச்சில் அமுக்கி விற்கிறான்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வராதா?

அவர்கள் விட்டுவைத்த ஒரே குறி, பிடியை ஒட்டி மூன்று புள்ளி. அந்தப் பக்கத்து மரமேறிகள் எழுத்துக் கூட்டிப் படிக்காவிட்டாலும் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பார்த்து வாங்குவார்கள்.

ஒரு வருடம் முதலாளி என்னை அனுப்பினார். பத்து நாளில் இருநூறு கத்தி வேண்டும். நான் சொன்னதைக் கேட்ட ஆசாரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பாக்கலாமுங்க" என்றார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். நண்பரே, நீங்கள் வெளியூர் என்றால் இது புரியாது. எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதில்லை. 'பாக்கலாமுங்க' என்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு அப்படிச் சொன்னால் ஜாதகத்தைத் திரும்ப எடுத்து உள்ளே வைத்துவிடலாம். நான் சூலூரில் பிறந்தவன். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். இருவர் சேர்ந்து நாளைக்கு ஏழெட்டுக் கத்தி அடிக்கிற பட்டறை அது என்பதும் தெரியும். ஆனாலும் கடைக்கு வந்து, "செரின்னுட்டாருங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க வேண்டுமே!

பத்து நாளில் வந்தது எழுபது. மீதிக்கு முதலாளி வேறெங்கோ தகட்டில் வெட்டிய கத்திகளை வரவழைத்தார். பார்க்க அசல் போலவே இருந்தன. புள்ளி மட்டும் இல்லை. "நீதான செரின்னு சொன்ன, நீயே வெச்சுரு" என்றார். கடைக் கிடங்கில் உட்கார்ந்து, லேத்துக்காரர்கள் துளைக்குக் குறி வைக்கிற 'பஞ்ச்' என்ற கூர் உளியால் நூற்று முப்பது கத்திக்கும் மூன்று மூன்று புள்ளி அடித்தேன். நடுவில் ஓர் அடி என் கட்டைவிரலில் விழுந்தது. நகம் கறுத்தது.

மூன்று வாரம் கழித்து மயிலாத்தா இரண்டு பஸ் மாறிக் கடைக்கு வந்தார். மடியில் துணி சுற்றிய ஒரு கத்தி. அலகு வாழைமட்டை மாதிரி மடங்கியிருந்தது.

"காளியப்பன் மரத்து மேல நின்னு குலைய வெட்டிருக்காப்டி. இது மடங்கி வழுக்கி உள்ளங்கையப் பொளந்துபோட்டுது. தையல் போட்டு ஊட்டுல கெடக்கறாப்டி. ஆசாரி தகரம் அடிக்க ஆரம்பிச்சுட்டான்னு ஊரே பேசுதுங்க."

முதலாளி, "உங்க புள்ளிதானுங்களே அம்மணி" என்றார்.

மயிலாத்தா என் கையைப் பிடித்துப் புள்ளியின் மேல் வைத்தார். "தடவிப் பாரு கண்ணு. நாங்க சூட்டுல அடிப்போம், புள்ளி வழுவழுன்னு உள்ளாற எறங்கிக்கும். இது பச்சை இரும்புல அடிச்சது. ஓரம் தூக்கிட்டு நிக்குது. யாரு வெச்சது?"

"எனக்குத் தெரியாதுங்க."

அவர் என் கையை விடவில்லை. திருப்பிப் பார்த்தார்.

"கட்டவெரல்ல என்ன கண்ணு?"

"கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுங்க."

"ஓ. கதவுக்கும் மூணு புள்ளி வெச்சியா?"

கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். முதலாளி உட்பட. அவர் சிரித்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மயிலாத்தா சிரிக்கவில்லை. எங்கள் கடை அரத்தையே எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். "தகரத்தத் தகரம்னு வித்துக்குங்க. எம் பேர அழிச்சுக் குடுத்துரு." விற்காமல் மிச்சமிருந்த அத்தனை கத்தியிலும் புள்ளிகளை ராவி அழித்தேன். டையில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. முடிந்ததும் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

"வித்தது வித்துப்போச்சு. நாஞ் சொன்னா ஊர்ல நம்ப மாட்டாங்க கண்ணு. வியாழக்கெழமை காத்தால பஸ்ஸுக்கு வந்துரு. காளியப்பன் முன்னால உன் வாயால சொல்லு. போதும்."

"வாரனுங்க" என்றேன்.

போகவில்லை.

வியாழக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. மயிலாத்தா இரண்டு பஸ் வந்துபோகும்வரை அவர்கள் ஊர் நிறுத்தத்தில் நின்றிருந்தார் என்று அந்த வழித்தட நடத்துனர் பிறகு சொன்னார். அதன் பின் அவர்கள் எங்கள் கடைக்குக் கத்தி கொடுக்கவில்லை. மயிலாத்தாவே மடங்கிய கத்தியையும் அசல் கத்தியையும் எடுத்துக்கொண்டு தோப்புத் தோப்பாகப் போய், ஒவ்வொருவர் விரலையும் புள்ளியில் வைத்துக் காட்டினாராம். நான் ஒரு வாக்கியத்தில் முடித்திருக்க வேண்டிய வேலை அவருக்கு ஒரு கோடை முழுக்கப் பிடித்தது.

பட்டறை அழிந்துபோயிற்று என்று நான் ஒப்பாரி வைப்பேன் என எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தீர்கள். அது நன்றாக ஓடுகிறது. ஆசாரியின் மருமகன் மோட்டார் சம்மட்டி வைத்திருக்கிறார்.

முனை வளைந்த கத்திக்காக நேற்று அந்தக் கம்பெனிக்குப் போன் செய்தேன். சண்டை போட மூன்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு பெண் தேன் மாதிரிப் பேசினாள். "வருந்துகிறோம் சார். வேற அனுப்பறோம். அதத் தூக்கிப் போட்டுருங்க."

"இத அடிச்சது யாருங்க?"

"பாக்கறோம் சார்."

பாக்கறார்களாம். அதன் பொருள் எனக்குத் தெரியாதா? அவளைத் திட்ட வாய் வரவில்லை. அவளிடம் கட்டைவிரலைக் காட்டச் சொல்ல முடியுமா? போலிக் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு எத்தனை பஸ் ஏறினாலும், நான் முக்காலி போட்டு எதிரே உட்கார்ந்து அரத்தைக் கையில் கொடுக்க ஓர் ஆள் அங்கே இல்லை.

இரவல் அரம் வாங்கி வந்து அந்த இட்லிக் குழிகளை ராவிக்கொண்டிருக்கிறேன். மகள் என்னை வினோதமாகப் பார்க்கிறாள். போன மாதம் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது காளியப்பனின் வீட்டை விசாரித்தேன். அவர் ஏறிய தோப்பில் இப்போது வரிசையாக மனைக்கற்கள். அவர் மகனோடு எந்த ஊருக்குப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மயிலாத்தா அக்கா, வாரனுங்க என்று சொன்னேன். பஸ் இருக்கிறது. இறங்கிப் போய்ச் சொன்னால் கேட்பதற்குத்தான் ஆளில்லை.