மருதாசலத்தின் வெள்ளை மருந்து

மருதாசலத்துக்கு வாயில் வராத வார்த்தை ஒன்று உண்டென்றால், அது "முடியலை" என்பதுதான். ஊத்துக்குளியிலிருந்து ரயிலேறித் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்து, நாள் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிற மனிதர். கூட்டத்தில் யாராவது அவர் காலை மிதித்தாலும், "நாந்தானுங்க குறுக்க நின்னுட்டேன்" என்பார். அப்படி ஒரு பிறவி!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் அவருக்கு வயிற்றெரிச்சல் வந்தது. வெறும் வயிற்றில் டீயும் பீடியும் என்று இருந்தால் வராமல் என்ன செய்யும்? திருப்பூரிலேயே இருந்த டாக்டர் ரத்தினசாமியிடம் போனார். நெஞ்சு கரித்தாலும் சரி, புளியேப்பம் வந்தாலும் சரி, அந்த டாக்டர் எழுதுவது வெள்ளை மருந்துதான். கம்பவுண்டர் கன்னையன் காலையிலேயே பெரிய ஜாடி நிறையக் கலக்கி வைத்துவிடுவார். நாம் கழுவிக் கொண்டுபோகிற பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்ட, ஓரம் வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார்.

முதல் பாட்டிலுக்கு வயிறு குளுகுளுவென்று இருந்தது. போகப் போக, குடித்து வாயைத் துடைப்பதற்குள் எரிச்சல் திரும்பி வந்தது.

"எப்படிப்பா இருக்கு?" என்பார் டாக்டர்.

"பரவாயில்லீங்க டாக்டரையா."

"கேக்குதில்ல? அதையே குடி."

வீட்டில் மனைவி தெய்வாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உள்ளதைச் சொன்னா என்னங்க?"

"நம்ம புள்ளை டைபாய்டுல கெடந்தப்ப பக்கத்துலயே உக்காந்து பொழைக்க வெச்ச மனுசன். அவரு மூஞ்சிக்கு நேரா, உங்க மருந்து கேக்கலைன்னு எப்புடிச் சொல்றது புள்ள?"

"நல்லாருக்குதுங்க உங்க மரியாதை! அவரு மனசு நோகக் கூடாதுன்னு நான் தாலியறுத்துட்டு நிக்கோணுங்களா?"

ஒரு நாள் காலையில் கொல்லைக்குப் போய் வந்தவர், வேர்த்து விறுவிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெய்வாத்தாள் துருவித் துருவி விசாரித்தாள். கையோடு அவரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினாள்.

டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். "பரவா..." என்று இவர் ஆரம்பித்ததுதான் தாமதம், தெய்வாத்தாள் முன்னால் வந்துவிட்டாள்.

"பொய்யுங்க சாமி! பொழுதன்னிக்கும் வயித்தைப் புடிச்சுட்டுச் சுருண்டு கெடக்கறாருங்க. இன்னைக்கு வெளிக்கித் தார் மாதிரிக் கருப்பாப் போயிருக்குதுங்க. உங்க மனசு நோகும்னு வாயைத் தொறக்க மாட்டேங்கறாருங்க!"

டாக்டரின் பேனா நின்றது. எழுந்து வந்து மருதாசலத்தின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. வயிற்றுக்குள்ளே புண், ரத்தம் கசிகிறது என்று புரிந்துவிட்டது. தன் காரிலேயே கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

வழியில் மருதாசலம் முனகினார். "உங்களுக்குச் சிரமம் வெச்சுட்டேனுங்க."

"சும்மா இருய்யா!" என்றார் டாக்டர். "வாயால கேட்டுக் கேட்டே மருந்து எழுதினேன். ஒரு தடவை படுக்க வெச்சு வயித்தைத் தொட்டுப் பார்த்தேனா?"

ஆபரேஷன் நடந்தது. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

உடம்பு தேறியதும் ஒரு தூக்குச்சட்டி நிறைய வெண்ணெயோடு புருஷனும் பெண்டாட்டியும் டாக்டரைப் பார்க்க வந்தார்கள். டாக்டர் மருதாசலத்தைப் படுக்க வைத்து, வயிற்றை நன்றாக அழுத்திப் பார்த்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"பரவாயில்லீங்க டாக்டரையா."

டாக்டர் பேனாவைத் தொடவில்லை. தெய்வாத்தாளைப் பார்த்தார்.

"இந்தத் தடவை நெசந்தானுங்க சாமி" என்றாள் அவள்.