தொட்டியைச் சுற்றி மூன்று சுவர்

ஒரு குளியல் தொட்டி. அதைச் சுற்றி மூன்று சுவர். அந்தச் சுவருக்குப் பலகை அடிக்க எவ்வளவு காசு முடியும் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒஸ்லோவில் புதிதாக வீடு வாங்குகிற எங்கள் தமிழ் ஆட்கள் எல்லோரும் ஒரு நாள் இதைக் கேட்கிறார்கள். "நோர்வேக்காரன் சொல்லுற விலைக்குப் பயப்பிடாதேங்கோ. எங்கடை ஆக்கள் சொல்லுற விலைக்குத்தான் பயப்பிடோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒஸ்லோவின் ஓரத்தில் ஸ்டோவ்னரில் ஓர் அடுக்குமாடியில் நாங்கள் வீடு வாங்கினோம். பழைய கட்டடம். குளியலறைச் சுவரில் டைல்ஸ் கிடையாது. பிளாஸ்டிக் பூசிய பூத்தாள் ஒட்டியிருந்தார்கள். அதன் நடுவே பெரிய வெள்ளைத் தொட்டி. எனக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது. நாள் முழுக்க முதியோர் இல்லச் சமையலறையில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு, குனிந்து தேய்த்துக் கழுவ இன்னொரு அண்டாவா? ஆனால் என் கணவர் அந்தத் தொட்டியைப் பார்த்துத்தான் வீட்டையே வாங்கினார்.

அவர் நோர்வேக்கு வந்த புதிதில் வடக்குக் கடலோரத்துப் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். ஈரத்திலும் குளிரிலும் ஆண்டுக்கணக்காக மீன் வெட்டி வலது தோளைக் கெடுத்துக்கொண்டார். மருந்து, ஊசி, உடற்பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுக்கும் அது மசியவில்லை. வேலை முடிந்து வந்து கழுத்துவரை சுடுதண்ணீரில் கிடந்தால் மட்டும் அந்தக் கை தலைவரை உயரும். கிடக்காத நாளில் சட்டையைக் கழற்ற நான் போக வேண்டும். அதனால் அந்தச் சனியன் பிடித்த தொட்டி எனக்கும் தேவைப்பட்டது. அது இருந்தால்தான் அவர் மனுசனாக இருந்தார்.

பூத்தாள் உரியத் தொடங்கியது. கட்டடச் சங்கத்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, சுவரை ஒழுங்காகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் தொட்டியைப் பாவிக்க விடமாட்டோம் என்றார். ஒரு கம்பனியைக் கூப்பிட்டோம். சின்ன வயதுப் பெடியன் ஒருவன் வந்து, சுவரை விரலால் தட்டிப் பார்த்து, ஒரு விலை சொன்னான். எங்கள் காரைப்போல இரண்டு கார் வாங்கலாம். குளியலறைக்கென்று விற்கிற அந்த வழுவழுப் பலகை மூன்று சுவருக்குத்தானே என்று கேட்டேன். பலகை கடைசி வேலை என்றான். பழைய சுவரை உடைக்க வேண்டும், பின்னால் தண்ணீர் போகாத பூச்சு பூச வேண்டும், அது காய வேண்டும், அதன் பிறகுதான் பலகை, எல்லாவற்றுக்கும் உறுதிப் பத்திரம் தருவோம் என்றான். அவன் போனபின் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கொள்ளைக்காரன் என்றேன். அதைவிடப் பெரிய கொள்ளை இனிமேல்தான் வரப்போகிறது என்று எனக்கு என்ன தெரியும்?

அடுத்த சனிக்கிழமை கணவர் தன் பழைய கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாட்ஸ்பியோர்ட்டில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர், இவரைவிட இளையவர். கிழமை நாட்களில் எங்கோ வேலை, சனி ஞாயிறில் எங்கள் ஆட்களின் வீடுகளில் திருத்த வேலை. கம்பனிக்காரன் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு சொன்னார்.

"உங்களிட்டை நான் காசு பாக்கிறதோ அண்ணை? சாமானுக்கு மட்டும் தாங்கோ. மிச்சம் உங்கடை விருப்பம்."

இந்த 'உங்கடை விருப்பம்' இருக்கிறதே, அதைப்போல விலை கூடின சாமான் உலகத்தில் இல்லை. ஆள் போனபின் நான் கேட்டேன்.

"துண்டு தருவாரோ?"

"என்ன துண்டு?"

"செய்த வேலைக்குத் துண்டு. காசு வாங்கினதுக்குத் துண்டு."

கணவர் என்னை ஏதோ அசிங்கம் பேசியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உமக்கென்ன விசரே? எங்கடை ஆளிட்டைத் துண்டு கேக்கிறதோ? நாளைக்கு அவன்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?"

ஆக, முழிக்க முகம் வேண்டும் என்பதற்காகத் துண்டு கேட்கவில்லை. கம்பனிக்காரனிடம் ஒவ்வோர் ஆணிக்கும் கணக்குக் கேட்ட அதே மனுசன்.

வேலை இரண்டு சனி ஞாயிறு நடந்தது. நான் ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் செய்து போட்டேன். வேலையைவிடச் சாப்பாடு நீண்டது. பழைய சுவரை உடைக்கவே இல்லை. பூத்தாளைச் சுரண்டிவிட்டு அதன் மேலேயே பலகையை ஒட்டத் தொடங்கினார். நான் கதவடியில் நின்று கேட்டேன்.

"தம்பி, பின்னாலை ஏதோ பூசோணும் எண்டு அந்தப் பெடியன் சொன்னவன்."

"அண்ணி, பலகையே தண்ணி விடாது. பேந்தென்னத்துக்குப் பூச்சு? அதெல்லாம் இவங்கள் காசு பிடுங்கிற வேலை."

இரண்டு பேரும் சிரித்தார்கள். என் கணவர் கூடுதலாகச் சிரித்தார்.

வேலை முடிந்த அன்று கணவர் காசை உறையில் போட்டுக் கொடுத்தார். "என்னத்துக்கு அண்ணை, வேண்டாம்" என்று அவர் தள்ள, இவர் சட்டைப் பையில் திணிக்க, அவர் எடுத்து மேசையில் வைக்க, இவர் மறுபடி திணிக்க, ஒரு நாடகமே நடந்தது. கடைசியில் அந்த ஆள் எண்ணிப் பார்க்காமல் கொண்டுபோனார். உள்ளதைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பளபளவென்று வெள்ளைச் சுவர். அன்று மாலை கணவர் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரில் கிடந்தார். எழும்பி வந்து தானே தலை துவட்டினார்.

இரண்டு குளிர்காலம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் கீழ் வீட்டு அம்மா வந்து மணியை அடித்தார். நோர்வேக்காரி, வயதானவர், தனியாக இருக்கிறவர். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று தொடங்கினார். தன் குளியலறைக் கூரையில் மண்ணிறத்தில் ஒரு கறை வந்திருக்கிறதாம், நேரம் கிடைக்கும்போது வந்து பார்க்க முடியுமா என்றார். போய்ப் பார்த்தேன். கூரை தொய்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே அவர் ஒரு சட்டியை வைத்திருந்தார். அந்த அம்மா இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

காப்புறுதியிலிருந்து ஒருவர் வந்து எங்கள் பலகையில் ஒன்றைக் கழற்றினார். பின்னால் சுவர் தண்ணீரில் ஊறிய பாண்போல, விரல் வைத்தால் அமுங்கியது. கறுப்பாகப் பூஞ்சணம். யார் இந்த வேலையைச் செய்தது என்று அவர் கேட்டார். நான் கணவரைப் பார்த்தேன். ஒரு பெயர், அவ்வளவுதான். சொன்னால் காப்புறுதிக்காரர் அந்த ஆளைப் பிடிப்பார்கள், எங்கள் தலையிலுள்ள பாரம் கொஞ்சமாவது குறையும்.

"நான்தான் செய்தனான்" என்றார் கணவர், பாட்ஸ்பியோர்ட்டில் மீன்காரர்களிடம் பழகிய வடக்குப் பேச்சு நோர்வேஜிய மொழியில். அந்தப் பேச்சைக் கேட்டு வந்தவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

வந்தவர் வெளியே போனதும் கதவைச் சாத்தினேன். பிறகு வெடித்தேன்.

"தோளைத் தூக்கேலாத மனுசன் மூண்டு சுவருக்குப் பலகை அடிச்சவராம்! ஆர் நம்புவினம்?"

"அவன் களவாய்ச் செய்யிற வேலை. வரிக்காரன் பிடிச்சால் அவன்ரை குடும்பம் என்ன செய்யும்?"

"எங்கடை குடும்பம் என்ன செய்யும்?"

வீட்டுக்காரரே செய்த வேலைக்குக் காசு தரமாட்டோம் என்று காப்புறுதி கை விரித்தது. கீழ் வீட்டுக் கூரையும் எங்கள் குளியலறையும் எங்கள் தலையில் விழுந்தன. வங்கியில் கடன் எடுத்தோம். நான் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போனேன். அந்தக் கடனுக்கும் தொட்டியை வைத்துச் சுற்றிவரச் சுவர் கட்ட வழியில்லை. தொட்டியை எடுத்துவிட்டு மூலையில் ஒரு ஷவர் வைப்பதுதான் கட்டுப்படியாகும் என்று கம்பனி சொன்னது.

"ஷவரே காணும், தொட்டி வேண்டாம்" என்றார் கணவர். ஏதோ எனக்குத் தானம் செய்கிறவர் மாதிரி. அந்தத் தொட்டிக்காகத்தானே இவ்வளவும்?

தொட்டியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டுமே. யார் வந்தது தெரியுமா? பலகை ஒட்டிய அதே கூட்டாளிதான். காசு வாங்காமல் வந்தார். ஒரு தலைப்பை அவர் பிடித்தார், மறு தலைப்பைப் பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார். கணவர் வெறுங்கையோடு பின்னால் நடந்தார். திரும்பி வந்து என் கையால் தேநீர் குடித்துக்கொண்டு அந்த ஆள் சொன்னார்:

"பழைய வீடுகள் இப்பிடித்தான் அண்ணி. சுவர் சரியில்லை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "தம்பி, உங்கடை பேரை இவர் சொல்லேல்லை. அது தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும் அண்ணி" என்றார், கொஞ்சமும் கூசாமல். "அண்ணை சொல்லமாட்டார் எண்டு எனக்குத் தெரியும்."

அதைக் கேட்டு என் கணவரின் முகம் மலர்ந்ததே, அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

ஷவர் வந்தது. சட்டப்படி, பூச்சோடு, உறுதிப் பத்திரத்தோடு. ஒரு மாதத்துக்குள் அவருடைய கை நெஞ்சுக்கு மேல் உயர மறுத்தது. மாலையில் ஒரு முக்காலியில் அவரை இருத்தி, தலைக்குச் சவர்க்காரம் போட்டு, தோளில் சுடுதண்ணீரைப் பிடிப்பது என் வேலையாயிற்று. அப்படி ஒரு நாள் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் கேட்டார்.

"வாற ஞாயிறு அவனைச் சாப்பிடக் கூப்பிடுவமே? பாவம், நீர் கதைச்சதிலை அவனுக்கு மனவருத்தம்."

நான் குழாயைக் குளிர் பக்கம் முழுக்கத் திருப்பினேன்.

அவர் கத்தினார். தண்ணீரைத் தடுக்கக் கையைத் தூக்கினார். அது நெஞ்சுவரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. முகத்தில் தண்ணீர் அடிக்க அடிக்க, அந்தக் கையை அங்கேயே பிடித்துக்கொண்டு இருந்தார்.

குழாயைச் சுடுதண்ணீர்ப் பக்கம் திருப்பினேன். தண்ணீர் மறுபடி சுடும்வரை என் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவருடைய தோளில் பிடித்தேன்.