குடை விரியும்போது நிற்கும் கேமரா

மூன்றாவது முறையாகப் பழுது பார்த்துக் கேமராவைக் கொடுத்தார்கள். அவள் அதைப் பையில் போடவில்லை. கடையின் மேஜை விளக்கை இழுத்து வைத்து, அடிப்பக்கத் திருகுகளின் தலையை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினாள். ஒன்றில் கீறல் இருந்தது.

"இதைத் திறந்தீங்களாண்ணே?"

"திறக்காம எப்படிம்மா ரிப்பேர் பண்றது? வெளியில நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிட்டா சரியாயிடுமா?" என்றார் கடைக்காரர்.

"போன தடவை இந்தக் கீறல் இல்லை."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

விமானத்திலிருந்து குதிப்பவர்களோடு தானும் குதித்து அவர்களைப் படம் எடுப்பது அவள் வேலை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது வானத்திலிருந்து விழுந்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் அந்த மைதானத்துக்கு வருவார்கள். பயிற்சியாளர் ஒருவர் அவர்களைத் தன் மார்போடு வார் போட்டுக் கட்டிக்கொண்டு குதிப்பார். அவள் அவர்களுக்கு முன்பே கதவுக்கு வெளியே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு காத்திருப்பாள். அவர்கள் சாயும் நொடியில் இவளும் கையை விடுவாள். கேமரா தலைக்கவசத்தின் உச்சியில் இருக்கும். காற்றில் கைகளுக்கு வேறு வேலை உண்டு. கையை விரித்தால் விழும் வேகம் குறையும், ஒடுக்கினால் கூடும். அதனால் ஸ்விட்ச் வாயில். ரப்பர் உறை போட்ட சின்ன ஸ்விட்ச். ஒரு தடவை கடித்தால் படம் ஓடும். இன்னொரு தடவை கடித்தால் நிற்கும்.

இதற்கு முன்பு பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடையில் வேலை பார்த்தாள். "தலையைத் திருப்பாதீங்க, நேரா பாருங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிய வருஷங்கள். ஒரு நாள் இந்த மைதானத்துப் பயிற்சியாளர்கள் வரிசையாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு வேடிக்கை பார்க்க வந்தவள், அதற்கடுத்த ஞாயிறு குதித்தாள். மைதானத்தில் அவளுக்கு 'ஸ்டுடியோ அக்கா' என்று பெயர் விழுந்தது. முக்காலி தேவையில்லாத கழுத்து என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அவள் எடுத்த படம் ஆடாது.

இப்போது ஆடவில்லை, நின்றுவிடுகிறது. விமானத்தின் கதவு, குதிப்பு, காற்றில் படபடக்கும் கன்னங்கள், எல்லாம் சரியாக ஓடும். பயிற்சியாளரின் கை பாராசூட் குடையை விரிக்கப் பின்னால் போகும். அங்கே நின்றுவிடும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு படமும் அங்கேயே நின்றது. போன வாரம் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் வந்தார்.

"சார், இதை வீட்ல காட்டினா நான் செத்துட்டேன்னு நினைச்சுக்குவாங்க. விழறதோட முடிஞ்சுபோகுது."

மேனேஜர் சிரித்தார். அவர் போன பிறகு சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்க்கறேன்க்கா. கேமராவா, ஆளான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். கேமரான்னா புதுசா வாங்கித் தரேன், நீங்களே எடுங்க."

"ஆளுன்னா?"

மேனேஜர் ஜன்னல் வழியே பார்த்தார். வெளியே சுருட்டை முடிக்காரன் ஒருவன் தன் தலைக்கவசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேறு மைதானத்தில் இவளைப் போலவே குதித்துப் படம் எடுப்பவன். சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லித் தினமும் வந்துகொண்டிருந்தான்.

கேமராதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. யார் கைவேலை என்பதில்தான் சந்தேகம். கேமராவை முதல்முறை சும்மா சுத்தம் செய்யத்தான் கடையில் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை. உள்ளே இருந்த நல்ல பாகத்தை உருவிக்கொண்டு மட்டமானதை வைத்திருப்பார். அல்லது சுருட்டை. தலைக்கவசங்களை மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்திலேயே ஏன் எப்போதும் உட்காருகிறான்? வீட்டிலும் ஒருவர் இருந்தார்.

அவள் கணவர் செயற்கைப் பல் செய்பவர். முன்னறைதான் பட்டறை. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வெள்ளைத் தாடை சிரித்துக்கொண்டிருக்கும். அவள் குதிப்பதை வேண்டாம் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததும் இல்லை. பேட்டரியைச் சார்ஜில் போடுவது அவர்தான். இத்தனை வருஷமாக அன்பு என்று நினைத்திருந்தாள். இப்போது அதையும் யோசிக்க வேண்டியிருந்தது.

மேலே குளிர் அதிகம். குளிரில் நிற்கிறதா என்று பார்க்கக் கேமராவை ஓடவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தாள். கணவர் தண்ணீர் எடுக்கத் திறந்தார். கேரட்டுக்கு நடுவிலிருந்து சிவப்பு விளக்கு அவரைப் பார்த்தது.

"இதென்ன, பழுக்கறதுக்கு வெச்சிருக்கியா?"

"மூடுங்க. உங்க மூஞ்சி பதிவாகுது."

"நல்லதாப் போச்சு. குதிக்காமலே எனக்கு ஒரு படம்."

நிற்கவில்லை. அதிர்வில் நிற்கிறதோ என்று, துணி துவைக்கும் மெஷின் முறுக்கிப் பிழியும் நேரத்தில் அதன் மேல் கட்டிவைத்தாள். மெஷின் அறையை விட்டு வெளியே நடந்து வர முயன்றது. கேமரா ஓடிக்கொண்டேயிருந்தது. வீட்டில் யோக்கியமாக இருந்துவிட்டு மேலே போனதும் மாறிவிடுகிற பொருளை என்ன செய்வது?

கடைக்காரர் கழற்றிக் கொடுத்த பழைய ஸ்விட்ச் மேஜையில் கிடந்தது. கணவர் அதை எடுத்தார்.

"எந்த நாய் கடிச்சுது இதை?"

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஜன்னல் பக்கம் போனார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு தாடையை எடுத்தார். அவளுடைய தாடை. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாள் என்று உறை செய்வதற்காக அச்சு எடுத்தது. ரப்பரில் இருந்த பள்ளத்தை அச்சின் கடவாய்ப் பல்லில் வைத்தார். உட்கார்ந்துவிட்டது.

"உன் பல்லுதான்."

"நான் கடிக்கிற ஸ்விட்ச்சுல என் பல்லு இல்லாம பக்கத்து வீட்டுக்காரி பல்லா இருக்கும்?"

"மெதுவா கடிக்கிற ஸ்விட்ச்சுல இவ்வளவு ஆழமாத் தடம் விழாதும்மா. இது நீ தூக்கத்துல கடிக்கிற கடி."

"சரி, என்ன சொல்ல வர்றீங்க?"

"பல்லைப் பத்தித்தான் சொல்றேன். எனக்கு வேற என்ன தெரியும்?"

அவர் அச்சைத் திரும்ப அலமாரியில் வைத்தார். மெதுவாக, ஓசை வராமல் வைத்தார். அந்த மெதுவில் ஏதோ இருப்பதாக அவளுக்குப் பட்டது. அவருக்கு இந்தக் குதிப்பெல்லாம் முடிந்தால் போதும். முடிவதற்கு ஒரு காரணம் தேடுகிறார்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனாள். கையில் அத்தாட்சி இருந்தது. சுத்தம் செய்யக் கொடுப்பதற்கு முந்தைய நாள் எடுத்த படம். அதைக் கடைக்காரரின் பெரிய திரையில் ஓடவிட்டாள்.

"பாருங்க. உங்க கை படறதுக்கு முன்னாடி எப்படி ஓடியிருக்குன்னு பாருங்க."

அன்று பயிற்சியாளர் குடையைக் கொஞ்சம் முன்கூட்டியே விரித்துவிட்டார். அவள் அவர்களுக்கு நேர் மேலே, இருக்கக் கூடாத இடத்தில் இருந்தாள். குடை விரிந்தால் அவர்களுடைய வேகம் சட்டென்று குறைந்துவிடும். மேலே இருப்பவர் விழுந்துகொண்டே இருப்பார். திரையில் வெள்ளைத் துணி கீழேயிருந்து எழும்பி, விரிந்து, திரை முழுவதும் அடைத்தது. கயிறுகள் ஓரமாக உரசுகிற மாதிரி போயின. பிறகு நீல வானம். அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு போனவருக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு கிட்டப் போய் எடுத்திருக்கீங்களே என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அம்மாடி," என்றார் கடைக்காரர். "துணி மேல விழப் பார்த்தீங்களா?"

"அதை விடுங்க. கேமரா நிக்கலை பார்த்தீங்களா? அதைச் சொல்றேன்."

"பார்த்தேன்."

"இப்ப அந்த ஸ்விட்ச்சை எடுத்துடுங்க. தரையிலேயே ஓட விட்டுட்டு மேல போறேன். நடுவுல நின்னுச்சுன்னா உங்க வேலை மோசம். மேனேஜர்கிட்டயே வந்து சொல்லணும் நீங்க."

"ஓடிச்சுன்னா?"

"ஓடாது."

கடைக்காரர் ஒயரைக் கழற்றினார். அவள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய பிறகு, மேலே போய் இவள் ஏதாவது நோண்டிவிட்டுத் தன் மேல் பழி போடுவாளோ என்று அவருக்கு ஒரு எண்ணம். திருகுகளின் தலையில் சிவப்பு பெயின்ட் ஒரு பொட்டு வைத்தார். அவளுக்கும் அது பிடித்திருந்தது. அவர் இனிமேல் திறந்தாலும் தெரிந்துவிடும்.

"குதிச்சுட்டு நேரா இங்க வாங்க," என்றார். "வழியில எங்கயும் பார்க்காதீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

சனிக்கிழமை அவளுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர். விமானம் ஏறும்போதே பயிற்சியாளரிடம், "நான் வேண்டாம்னு சொன்னாலும் தள்ளிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவைத்தார். சுருட்டை கீழே நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவள் பதிலுக்குக் காட்டவில்லை. தலைக்கவசத்தைக் காலையிலிருந்து கையை விட்டு இறக்கவில்லை.

கதவு திறந்தது. வெளியே தொங்கினாள். வாயில் ஒன்றும் இல்லை. நாக்கு இரண்டு மூன்று தடவை ஸ்விட்ச்சைத் தேடிவிட்டு அடங்கியது. அவர்கள் சாய்ந்தார்கள், கையை விட்டாள்.

அன்று நன்றாகப் பறந்தாள். அவளுக்கே தெரிந்தது. கைகளைக் கொஞ்சம் ஒடுக்கி அவர்கள் உயரத்துக்கு இறங்கி, முகத்துக்கு முகம் நின்றாள். தபால்காரர் கண்ணை இறுக மூடியிருந்தார், பிறகு ஒன்றைத் திறந்தார், பிறகு மற்றதை. அவர் சிரித்தபோது கன்னம் காதுவரை போனது. பக்கவாட்டில் ஒரு அரைவட்டம் அடித்துப் பின்னணியில் ஆறு வருகிற மாதிரி கொண்டுவந்தாள். பயிற்சியாளர் கை காட்டினார். குடை விரிந்தது. அவர்கள் மேலே போனார்கள். எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்ததாகத்தான் நினைவு.

உடையை மாற்றாமலே கடைக்குப் போனாள். கடைக்காரர் முதலில் பெயின்டைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பொட்டுகள் அப்படியே இருந்தன. மெமரி கார்டை அவர் கையில் கொடுக்காமல் தானே போட்டாள்.

தபால்காரர் திரையில் சிரித்தார். ஆறு வந்தது. பயிற்சியாளரின் கை பின்னால் போனது.

படம் நிற்கவில்லை. திரும்பியது. வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பி, அடிவானத்தில் ஒரு மேகத்தைப் பார்த்தது. கீழே காலி வயல். காற்றின் இரைச்சலுக்குள் கரகரவென்று ஒரு சத்தம், கல்லைக் கல்லில் தேய்க்கிற மாதிரி. பிறகு படம் மெதுவாகப் பழைய இடத்துக்கு வந்தது. அங்கே யாரும் இல்லை. குடை எங்கோ உயரத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது.

"திரும்பப் போடுங்க," என்றாள்.

போட்டார். கை பின்னால் போனது. மேகம். வயல்.

"இன்னொரு தடவை."

"அது மாறாதும்மா."

அந்தச் சத்தம் என்னவென்று அவர் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் ஒருவர் பல மாதமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம்.

"அந்த வெள்ளைத் துணி படம் காட்டினீங்களே," என்றார் கடைக்காரர். "அதுக்கு மறுநாள்தானே முதல் தடவையா எங்கிட்ட கொண்டு வந்தீங்க?"

"சுத்தம் பண்றதுக்கு."

"ஆமா. ஆனா லென்ஸ்ல தூசியே இல்ல. அப்பவே யோசிச்சேன்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கடையில் திறந்து போட்ட கேமராக்கள், ஒவ்வொன்றின் மேலும் யாருடைய பெயரோ எழுதிய துண்டுச் சீட்டு. கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நான் வேணா ஒண்ணு பண்றேன். உங்க மேனேஜர் கேட்டா உள்ள போர்டு போயிடுச்சுன்னு சொல்றேன். புதுசு வாங்கித் தருவாரில்ல? இதை அழிச்சுடுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்?"

"ஏன்னா?"

"நான் உங்களைத் திருடன்னு சொல்ற மாதிரி பேசினேன். நீங்க ஏன் எனக்காகப் பொய் சொல்லணும்?"

"எல்லாத்துக்கும் ஒரு உள்குத்து இருக்கணுமா உங்களுக்கு?" என்றார் அவர். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார்.

புதுக் கேமராவும் அதே தலையில்தான் உட்காரும். அது மேகத்தைப் பார்த்தால் படம்தான் கெடும். அந்த நொடியில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவள் பார்க்காமல் விட்டால் கெடுவது வேறு. தபால்காரருக்கு இரண்டு கண்ணையும் திறக்கத் தெரிந்திருந்தது.

அவள் போனை எடுத்தாள். மேனேஜர் முதல் மணியிலேயே எடுத்தார்.

"நாளைக்கு என்னைப் போடாதீங்க," என்றாள்.

"கேமரா இன்னும் வரலையாக்கா?"

"கேமரா நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் விமானத்தின் இரைச்சல் கேட்டது. பிறகு அடங்கியது.

"அப்போ ஆளு," என்றார் மேனேஜர். கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை.

"ஆமா. சுருட்டையை எடுக்கச் சொல்லுங்க. அவங்களுக்கு மேல போகக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க அவன்கிட்ட. அப்புறம், நடுவாரத்துல கூட்டம் இல்லாத நாள்ல விமானத்துல எனக்கு ஒரு இடம் வேணும்."

"எதுக்கு?"

"கேமரா இல்லாம வரேன். தள்ளி நிக்கறேன். குடை விரியறதைப் பார்க்கணும்."

மேனேஜர் யோசித்தார். "பார்க்கலாம்," என்றார். கொடுப்பார் என்றும் இல்லை, மாட்டார் என்றும் இல்லை. அந்த ஒரு வார்த்தையை அவள் காதுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கேமராவைப் பையில் போடும் முன், பழக்க தோஷம், திருகுகளை நகத்தால் தடவினாள். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு மேஜை விளக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.