மீதி இருபத்திரண்டு நிமிடம்

பாம்பூஃப்ளாட் என்ற தீவு ஊரில் சகாயசெல்விக்குப் போன் பண்ணுகிறவர்கள், சொல்ல வேண்டியதை முன்கூட்டியே சுருக்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு நிமிடம் தாண்டினால் "சரி, வைக்கேன்" என்று வைத்துவிடுவாள். கோபம் ஒன்றும் கிடையாது. லைன் சும்மா இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு வரலாம். அது வருகிற நேரம் பார்த்து இவள் யாரிடமாவது மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தால் என்ன ஆவது?

அவள் புருஷன் அருள்நாதன் ஏழு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஐப்பசிக் காலையில், டிங்கி என்கிற சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாகக் கடலுக்குப் போனவன். மத்தியானம் காற்று திரும்பியது. ஆறு நாள் தேடினார்கள். டிங்கியின் ஒரு பலகைகூட அகப்படவில்லை. செல்வி சோற்றை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்; தட்டு காய்ந்துபோகும். இப்படியே எட்டு மாதம். அப்புறம் ஜெட்டிப் பக்கம் மொபைல் கடை வைத்திருக்கும் ஜோஸ்வா ஒரு சேதி கொண்டுவந்தான். அருள்நாதனோடு சின்ன வயசிலிருந்து ஒன்றாகத் திரிந்தவன் அவன்; செல்வியை அண்ணி முறை வைத்து மைனி என்பான். காற்றில் இழுபட்டுப் போன நம் தீவு ஆட்கள் சிலர் பர்மா ஜெயிலில் இருக்கிறார்களாம், அங்கிருந்து விடுதலையாகி வந்த ஒருத்தனே தன்னிடம் சொன்னான் என்றான். அன்றைக்குத்தான் செல்வி வயிறாரச் சாப்பிட்டாள். போனைச் சார்ஜில் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். அன்றிலிருந்து அந்தப் போன் அணைந்ததே இல்லை.

வருஷத்தில் ஒரே ஒரு தாள்தான் அவளைத் தொந்தரவு செய்யும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு இரண்டு வாரம் முன்பே கோயிலில் ஆளுக்கொரு தாள் கொடுப்பார்கள். வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக் கொடுத்தால் அன்றைய பூசையில் வாசிப்பார்கள். செல்வி தன் அப்பா பெயரை எழுதுவாள், அம்மா பெயரை எழுதுவாள், அதோடு மடித்துவிடுவாள். இந்த வருஷம் அந்தத் தாளை மடிக்க முடியாமல் பண்ணியவள் அவள் மகள் ஆக்சிலியா. நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிற பெண். எண்ணி ஒரு நிமிடம்தான் கிடைக்கும் என்று தெரிந்ததால் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அம்மா, இந்த வருஷமாவது அப்பா பேரையும் எழுது. எல்லாரும் அழுது முடிச்சிட்டாங்க. நான் இன்னும் தொடங்கவே இல்ல."

உயிரோடு இருக்கிறவனுக்கு எவளாவது இறந்தோர் பூசை வைப்பாளா என்று கேட்டுவிட்டுச் செல்வி வைத்துவிட்டாள். ஐம்பது விநாடிகூட ஆகியிருக்காது. தாளை வேதாகமத்துக்குள் செருகினாள். கொடுக்க வேண்டிய கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை.

இனி ஒரு சினிமாப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீவில் அப்போது இணையம் ஆமையாக ஊர்ந்த காலம். சென்னையிலிருந்து கப்பலில் வருகிற யாராவது ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் படங்களைக் கொண்டுவந்து தருவார்கள். ஜோஸ்வா அதிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பான். பர்மா சேதி வந்த பிறகு செல்வியும் ஒரு கார்டை நீட்டி, மனசுக்கு இதமாக ஏதாவது போட்டுத் தா என்றாள். அவன் போட்டுக் கொடுத்த பன்னிரண்டு படங்களில் ஒன்று அது. தமிழ் பேச வைத்த இங்கிலீஷ் படம்.

எங்கேயோ நட்சத்திரங்களுக்கு நடுவில் ஒரு பனிக் கிரகம். அங்கே ஒரு நிலையத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் வேலை பார்க்கிறார்கள். ஒருநாள் வெளியே உடைந்துபோன வானொலிக் கம்பத்தைச் சரி பண்ணப் போனவன் திரும்பவில்லை. அவள் தனியாகக் கிடந்து மெலிகிறாள். நிலையத்தை நடத்துகிற இயந்திரம் மட்டும் அவளோடு பேசுகிறது. கடைசியில் ஒரு காலை கதவு தட்டப்படுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புருஷனின் முகம், அதே சிரிப்பு. அவள் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. அதோடு படம் கறுப்பாகிவிடும். செல்வி அதை ஐம்பது தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள். அந்தப் பனிக்காட்டில் அவர்கள் புத்தகத் தமிழில் கொஞ்சிக்கொள்வது முதலில் அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு வசனமெல்லாம் அவளுக்கே வாயில் வந்தது.

செல்விக்கு வேலை மரைன் ஹில்லில் ஒரு லாட்ஜில். தினமும் காலையில் போட் ஏறி எதிர்க்கரையில் சாத்தம் ஜெட்டியில் இறங்கிப் போவாள். உடன் வேலை பார்ப்பவள் பெரார்கஞ்சிலிருந்து வரும் ரூபா. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரு அறைக்கு விரிப்பு மாற்றப் போனார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிய கல்கத்தாக்காரர்கள் டிவியை அணைக்காமலே போயிருந்தார்கள். தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்த செல்வி இசையைக் கேட்டு நிமிர்ந்தாள். அந்தப் படம்.

இது எனக்கு மனப்பாடம், இப்போ பார், கதவு தட்டும், படம் முடிஞ்சிரும் என்றாள் ரூபாவிடம். கதவு தட்டப்பட்டது. கண்ணாடியில் முகம் தெரிந்தது. கை தாழ்ப்பாளுக்குப் போனது. திரை கறுக்கவில்லை. தாழ்ப்பாள் விலகிக் கதவு திறக்க ஆரம்பித்தது.

செல்வி ரிமோட்டைப் பாய்ந்து எடுத்து நிறுத்தினாள். இணையத்தில் ஓடுகிற டிவி அது; பாதி திறந்த கதவோடு படம் அப்படியே நின்றது. கீழே ஓரத்தில், இன்னும் இருபத்திரண்டு நிமிடம் என்று காட்டியது.

"அரே அக்கா, இனிமேத்தானே படமே இருக்கு" என்றாள் ரூபா. முடிவைப் பார்க்காமல் எழுந்து போகிற ஆள் தன் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம். மீதியைச் சொல்ல ஆரம்பித்தவளைச் செல்வி கையமர்த்தினாள். டிவியை அணைத்தாள். பிறகு ஒரே தலையணைக்கு இரண்டு உறை போட்டாள்.

சாயங்கால போட்டில் வழக்கம்போல் துறைமுக வாய் தெரிகிற பக்கமாக நின்றாள். கார்டில் ஏதோ கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்படியே விட்டுவிடலாம். தன்னிடம் இருக்கிற படம் தனக்குப் போதும், அதில் அவன் வந்துவிட்டான். ஆனால் கதவு ஒருமுறை திறந்துவிட்டதே. கண்ணை மூடினால் அந்தக் கை இப்போது தாழ்ப்பாளில் நிற்க மாட்டேன் என்கிறது.

பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் இறங்கி நேராக ஜோஸ்வா கடைக்குப் போனாள். அவன் யாருடைய போனுக்கோ கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தான். நீ போட்டுக் கொடுத்த படம் பாதியில் முடிந்துவிட்டதே, கார்டு கெட்டுப்போனதா என்று கேட்டாள். கெட்டுப்போனது என்று அவன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவனோ குனிந்த தலை நிமிராமல், ஒட்டின கண்ணாடியையே விரலால் தேய்த்தான்.

"கார்டு நல்ல கார்டுதான் மைனி. நான்தான் வெட்டுனேன்."

மற்ற எல்லோருக்கும் முழுப் படம்தான் கொடுத்தானாம். அவளுக்கு ஏற்றும்போது முடிவு ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரில் கடைசித் துண்டை நறுக்கிவிட்டுக் கொடுத்தானாம். படத்தையே போடாமல் விட்டிருக்கலாமே என்று கேட்டாள். அந்தக் கதவு தட்டுகிற இடம் வரைக்கும் நீங்கள் பார்க்கணும் என்று தோன்றியது என்றான்.

"மீதியப் போடு" என்றாள் செல்வி.

அவன் தன் போனில் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். உள்ளே ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டு, தன் கடையை விட்டுத் தானே இறங்கி வெளியே போய் நின்றான். ரீசார்ஜ் பண்ண வந்த ஒருவரை, இருபது நிமிடம் கழித்து வாங்க, உள்ளே ஆள் இருக்கு என்று திருப்பி அனுப்பினான்.

கதவு திறந்தது. புருஷன் உள்ளே வந்தான். வெளியே பனி கொட்டுகிறது; அவன் தோளில் ஒரு துளி பனி இல்லை. பெண்டாட்டி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் பேசாமல் சாப்பாடு வைத்தாள். அவன் சிரித்துச் சிரித்துப் பேசினான், தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் உயிர் பிழைக்க வேண்டும் என்று இயந்திரம்தான் அவனை உண்டாக்கிக் காட்டியிருக்கிறது. இவர் இருக்கட்டுமா என்று இயந்திரம் அவளிடம் கேட்டது. அந்த இடத்தில் செல்வியின் கட்டைவிரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது. அழுத்தவில்லை. அந்தப் பெண், போதும், போகட்டும் என்றாள். நாற்காலி காலியானது. அவள் அழுதாள். அந்தத் தட்டை எடுத்து, அதில் இருந்ததைத் தானே தின்றாள். பிறகு கனத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கினாள். அவன் விழுந்து கிடந்த இடத்தைக் கண்டுபிடித்து, மூடிவிட்டு, அவன் சரி பண்ணப் போன கம்பத்தைத் தானே ஏறிச் சரி பண்ணினாள். வானொலியில் கரகரவென்று ஒரு குரல் வந்தது. நிஜமான மனிதக் குரல், எத்தனை நாளாகக் கூப்பிடுகிறோம், ஏன் பதிலில்லை என்று கேட்டது.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. செல்வி அதையும் கடைசிவரை பார்த்தாள். போனைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கியிருக்கலாம். ஜோஸ்வாவும் அதைத்தான் எதிர்பார்த்து வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"வேற எதையெல்லாம் வெட்டுன, ஜோஸ்வா?"

அவன் புரியாதவன்போல் நிற்கப் பார்த்தான். முடியவில்லை.

"பர்மாலருந்து வந்தவன்ட்ட அருள் போட்டோவக் காட்டுனேன் மைனி. நம்மாளுக அங்க இருக்காங்கன்னு அவன் சொன்னது நெசம். இந்த முகம் அங்க இல்லன்னும் சொன்னான். ரெண்டு தடவ காட்டுனேன். இல்லன்னுட்டான்."

"பாதியச் சொன்ன."

"நீங்க அப்ப இருந்த இருப்புக்குப் பாதிக்கு மேல சொல்ல வாய் வரல. சாப்பிட ஆரம்பிச்சிய. அப்புறம் எப்படிச் சொல்ல? ஒவ்வொரு வருசமும் சொல்லிரணும்னு நினைப்பேன். நீங்க சிரிச்சிட்டே கடையத் தாண்டிப் போவிய."

அவனைத் திட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. நாலு வார்த்தை வாய்வரை வந்தன. ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று ஞாபகத்துக்கு வந்தது. எந்த ஜெயில் என்று அவள் ஒருநாளும் அவனைக் கேட்டதில்லை. எந்த ஆபீசுக்கும் போய் ஒரு மனு கொடுத்ததில்லை. புருஷன் அங்கே இருக்கிறான் என்று நிஜமாகவே நம்புகிறவள் அந்த ஆபீஸ் படிகளைத் தேய்த்திருக்க மாட்டாளா? கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதான் கேட்காமலே இருந்தாள். வெட்டியதில் தன் கையும் இருந்தது.

"இத்தன வருசம் இதச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சியே, கிறுக்குப் பயலே" என்றாள்.

ஜோஸ்வா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டான். தோளிலிருந்த துண்டால் முகத்தைத் துடைத்தான், அப்படியே முகத்தை மூடிக்கொண்டான். செல்வி பக்கத்தில் நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வந்தது, ஆனால் பயந்த மாதிரி வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரு காதை எப்போதும் தீட்டியே வைத்திருந்தவளுக்கு, அந்தக் காது திடீரென்று சாதாரணக் காதாகிவிட்டது போல் இருந்தது. போட் கிளம்புகிற சத்தம், மீன்காரியின் ஏச்சு, யாரோ இந்தியில் பாடுகிற பாட்டு, எல்லாம் அதில் தாராளமாக வந்து விழுந்தன.

வீட்டுக்கு வந்து வேதாகமத்துக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். அப்பா, அம்மா பெயருக்குக் கீழே அருள்நாதன் என்று எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதினாள். பிறகு மகளுக்குப் போன் போட்டாள்.

விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம் தாண்டியது, இரண்டு தாண்டியது. பழக்கத்தில் மகளே, "வச்சிரவாம்மா?" என்று கேட்டாள்.

"எதுக்கு வைக்கணும்? பேசு" என்றாள் செல்வி.

அப்பா முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியதை மகள் சொன்னாள். அவன் தாளம் தப்பிப் பாடுவதை அம்மா சொன்னாள். இருவரும் அழுதார்கள், நடுவில் சிரித்தார்கள். அப்புறம் பேச்சு எங்கெங்கோ போனது. ஹாஸ்டல் ரசத்தில் மூழ்கிப் பார்த்தால்கூடப் பருப்பு அகப்படாது என்று ஆக்சிலியா குறைப்பட்டாள். அறைத் தோழியின் குறட்டையை விவரித்துக்கொண்டிருந்தபோது, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், செல்வியின் காதருகே போன் பீப் என்று ஒரு சத்தம் போட்டு அணைந்துபோனது.

சார்ஜர் ஜன்னலோரம் எப்போதும்போல் தொங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள்ளலாம் என்று போனை மேசையில் வைத்துவிட்டு, பசிக்கிறதே என்று அடுப்பைப் பற்றவைத்தாள்.