எவர்சில்வர் பானையில் பன்னீர்

வேலை போன ஆண்பிள்ளை வீட்டில் இருந்தால் முதல் ஆபத்து அடுப்படிக்குத்தான். என் கணவர் வேலை பார்த்த கம்பெனி ஓசூரில் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்துகொண்டிருந்தது. இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் ஆர்டர் குறைந்தது. மூன்று ஷிஃப்ட் ஒன்றானது, பிறகு கேட்டையே பூட்டிவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் இரும்பையும் போல்ட்டையும் சோதித்து, உள்ளே விடலாமா திருப்பி அனுப்பலாமா என்று சொல்வதுதான் அங்கே அவர் வேலை. தான் பார்க்காமல் ஒரு வாஷர்கூட உள்ளே போகாது என்று கல்யாணமான புதிதில் என்னிடம் அளந்திருக்கிறார்.

மற்ற கம்பெனிகளுக்கு நடையாய் நடந்தார். எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. அப்புறம் நடப்பதையும் நிறுத்திவிட்டு, மத்தியானம்வரை பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க ஆரம்பித்தார். கூப்பிட்டால் பதில் வரும், ஆனால் ஆள் வரமாட்டார். எனக்கு அதுதான் பயம். அவருக்கு விருதுநகர் பக்கம், எனக்குக் காவேரிப்பட்டினம். இரண்டு ஊரிலும் எங்களுக்கென்று யாரும் காத்திருக்கவில்லை.

பன்னீர் காய்ச்சும் யோசனை எப்படி வந்தது என்று தெரியாது. பாகலூர் ரோட்டில் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள் நிறைய. காம்பு வளைந்த பூ, தலை சாய்ந்த பூவெல்லாம் வெளிநாட்டுக்குப் போகாது. வேலி ஓரமாகக் குவித்துவிடுவார்கள், கேட்டால் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். ஒருநாள் இரண்டு சாக்கு நிறைய ரோஜாவோடு வந்து நின்றார்.

"இத காய்ச்சினா பன்னீர்தான். பார்லர்க்காரங்க வாங்குவாங்க, கல்யாண மண்டபத்துல வாங்குவாங்க" என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் உயிர் தெரிந்தது. குக்கரைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அன்று இட்லி வேண்டுமென்று கேட்டிருந்தால்கூட அவ்வளவு வேகமாக எழுந்திருக்க மாட்டேன்.

குக்கர் மூடியில் விசில் இருக்கும் இடத்தில் கேஸ் டியூபைச் செருகி, டியூபை வாளித் தண்ணீருக்குள் சுற்றிவிட்டு, மறுமுனையில் பாட்டில் வைத்தார். ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. முகர்ந்து பார்த்தால் ரோஜா வாசம் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியிருந்தது. ரப்பர் நாற்றம் மட்டும் யோசிக்காமலே வந்தது.

"இது கண்ணுல விடற பொருள். டியூபு, கேஸ்கெட்டு எல்லாமே தப்பு" என்று சொல்லி, மறுநாள் காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் கண் எரிந்தால் பன்னீர் விட்டுக்கொள்வது வழக்கம். அதனால் ஒவ்வொரு முறை காய்ச்சியதையும் முதலில் தன் கண்ணில்தான் விட்டுப் பார்ப்பார். சோதிக்காமல் எதையும் வெளியே அனுப்பமாட்டாராம்.

அலுமினியம் வேண்டாமென்று குக்கர் போயிற்று. ஃபிரிட்ஜ் மெக்கானிக் கொடுத்த செப்புக் குழாயை, பற்றவைத்த இடத்தில் ஈயம் இருக்கிறது என்று ஒதுக்கினார். "எங்க வூட்ல ஈயச் சொம்புலதான் ரசம் வெப்பாங்க, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று சீண்டினேன். "அது வெள்ளீயம், இது காரீயம். உள்ள போனா ரத்தத்துல தங்கிரும்" என்று வகுப்பெடுத்தார். பிளாஸ்டிக் குழாய் ஆவியில் இளகும், கால்வனைஸ் குழாயில் துத்தநாகம் கரையும், பித்தளையிலும் ஈயம் உண்டு. எனக்கே பாடமாகிவிட்டது.

எவர்சில்வர் பானைக்காகப் பழைய இரும்புக் கடை கடையாக ஏறினோம். ஒரு கடைக்காரர் காந்தத்தை வைத்து, "ஒட்டல பாரு சார், அசல் சரக்கு, ஜோராயிருக்கும்" என்றார். "ஒட்டலேன்னா போதுமா? மட்டமானதும்தான் ஒட்டாது" என்று இவர் சட்டைப் பையிலிருந்து சிறிய குப்பியை எடுத்தார். கம்பெனி நண்பரிடம் கேட்டு வாங்கிய சோதனைத் திரவம் அது. ஒரு சொட்டு விட்டு பேட்டரி ஒயரைத் தொட்டால், மட்டமான எவர்சில்வர் சிவந்துவிடும். பானை பானையாகச் சிவந்தது. கடைக்காரர் முகமும்தான். சிவக்காத பானை கிடைத்த அன்று அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பொய் சொல்வானேன்.

குழாயும் எவர்சில்வர், இணைப்பு ஈயம் சேராத ஆர்கான் வெல்டிங். கேஸ்கெட் எதுவுமே பிடிக்காமல், கடைசியில் கோதுமை மாவைப் பிசைந்து மூடியைச் சுற்றி அப்பினார். ரப்பர் வாடை போயிற்று, உலோக வாடை போயிற்று. ஆனால் அடியில் ஒரு வாடை மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்த மாதிரி மெல்லிய வாடை. அவர் கண்கள் வேறு சிவந்தே கிடந்தன. வெல்டிங்கில் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று உட்புறத்தைத் தேய்த்தார், வினிகரில் ஊறப்போட்டார், வாடை அடிக்கிறது என்று பாட்டிலின் மூடியை மாற்றினார். "இன்னும் ஒரே ஒரு பார்ட்டு. அது எதுன்னு புடிச்சிட்டா முடிஞ்சது" என்பார். பக்கத்துத் தெரு பார்லர் அம்மாவும் எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் அவருக்குக் காய்ச்சல். பூ எடுத்துவர நான் போனேன். குடிலின் வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"உள்ள போகாதீங்கம்மா, மருந்து அடிக்கறாங்க."

பாலிதீன் ஷீட்டுக்குப் பின்னால், தலைமுதல் கால்வரை மழைக்கோட்டும் முகமூடியும் போட்ட இரண்டு பேர் செடிமேல் புகையாக அடித்துக்கொண்டு போனார்கள். அந்த வாடை என் மூக்கில் ஏறியது. அது எங்கள் அடுப்படி வாடை.

"வாரா வாரம் அடிப்பாங்களா?"

"வாரத்துல ரெண்டு, மூணு வாட்டி. புழு வந்தா ஏரோப்ளேன் ஏறாது இல்ல?" அவர் வேலி ஓரக் குவியலைக் காட்டினார். "அதுக்கு முள்ளு போட்டிருக்கறது ஏன்னு நெனச்சீங்க? போன வருஷம் ஒரு மாடு தின்னுட்டுப் படுத்துடுச்சு. உங்க வூட்டுக்காரர் உரத்துக்குத்தான எடுத்துட்டுப் போறாரு?"

ஆமாம் என்றேன்.

காலிச் சாக்கோடு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். இன்றைக்குப் பூ இல்லை என்று சொல்லிவிடலாம். நாளைக்கு? அவரே வருவார், அள்ளுவார், காய்ச்சிக் கண்ணில் விட்டுக்கொள்வார். சொல்லிவிட்டால் மறுபடியும் பாய், மறுபடியும் சுவர். இரண்டு பஸ்ஸை விட்டேன். சொல்வதற்கு எனக்கு மனம் வரவே இல்லை. ஆனால் அவருடைய கண்.

சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உள்ள வர்ற சரக்க நான் பாக்கல" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "பூதானேன்னு இருந்துட்டேன்" என்றார்.

மருந்து அடிக்காத நாட்டு ரோஜாவாகத் தேடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். விசாரித்தும் பார்த்தேன். பூ வைத்திருந்தவர்கள் எல்லோரும் மருந்து அடித்தார்கள். அடிக்காதவர்களிடம் ஒரு முழம் கட்டக்கூடப் பூ இல்லை. அவர் அதற்குள் நான் சொல்வதைக் கேட்பதையே நிறுத்திவிட்டார். பார்லர் அம்மாவிடம் நானே போய், எங்களுக்குச் சரிவரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காய்ச்சல் விட்ட அன்று காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். பானையில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மூடியைச் சுற்றி மாவை அப்பிக்கொண்டிருந்தார். அடுப்பு எரிந்தது. பூ இல்லை, எதுவும் இல்லை. முதல் சொட்டு விழுந்ததும் விரலால் தொட்டு முகர்ந்தார். "வாடையே இல்ல. ஒரு எடத்துலகூட லீக் இல்ல பாரு" என்று என்னைப் பார்த்தார்.

மறுநாளும் அதையே செய்தார், அதற்கு மறுநாளும். கேஸ் வீணாகிறது, எனக்குச் சமைக்க அடுப்பு வேண்டும். நிறுத்தச் சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் போனேன். நிறுத்தினால் அங்கிருந்து எழுந்து எங்கே போவார் என்று தெரியாததால், பக்கத்தில் உட்கார்ந்து நானும் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.