காற்றை மோந்த வாட்சர்

அன்று மாலை அந்தச் சாலையில் உண்மையிலேயே யானை நின்றதா?

பாலக்காட்டு எல்லைக் காட்டில் நாங்கள் தங்கிய குடிலுக்கு அவர்தான் வாட்சர், காட்டுக் காவலாள். காக்கிச் சட்டை, வெறுங்கால். எதைக் கேட்டாலும் காற்றை மோந்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அங்கே மருத்துவரும் இல்லை, சிக்னலும் இல்லை. பொழுது சாயும்போது என் ஒரு வயது மகளுக்கு உடம்பு சுட்டது. பொள்ளாச்சி மருத்துவமனைக்குக் கிளம்பினோம். வாட்சர் காரை மறித்தார்.

"ரோட்டுல ஆனை நிக்குதுங்க, அம்மிணி."

"பார்த்தீங்களா?"

"வாசம் வருதுங்க." குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தார். "புள்ள விடியற வரைக்கும் தாங்குவா. உங்க காரு தாங்காதுங்க."

கையிலிருந்த மருந்தைக் கொடுத்துவிட்டுத் தங்கினோம். காலையில் காய்ச்சல் இல்லை. ஊர் திரும்பிய வழியில் யானைச் சாணமோ ஒடிந்த கிளையோகூட இல்லை.

காடறிந்தவர்கள் சொல்லுங்கள், கண்ணுக்கு எட்டாத தூரத்திலிருந்து யானை வாசம் வருமா? வராதென்றால், அவரை நம்பியதற்கு நான் வருந்த வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா?